கடற்பசுக் காப்பகமும் நம்ம ஊராட்சியும்: கரையோர ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாக் விரிகுடாவில் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டதிலிருந்து தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே சந்தேகங்கள்தான் காதில் விழுகின்றன. ஏலக்கூடத்தில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், கிராம சபை முடிந்து நாற்காலி மடக்கும்போது தனியாகக் கூப்பிட்டும் கேட்பார்கள். அவற்றைக் கேட்டவர்கள் பேச்சிலேயே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன்: காப்பகம் வேண்டும், அது விரிவடையவும் வேண்டும். ஆனால் கரையில் வாழ்கிறவர்களின் கையெழுத்தோடு விரிவடைய வேண்டும்.

"முதல்ல இந்தக் காப்பகம்னா என்ன? எங்க இருந்து எங்க வரைக்கும்?"

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த பகுதி இது. அளவு 448.34 சதுர கிலோமீட்டர். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில், அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையான கரைக்கு எதிரே இருக்கிறது. கடற்பசுவுக்கென்று இந்தியாவில் அறிவிக்கப்பட்ட முதல் காப்பகம் இதுதான்.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இல் பிரிவு 36ஏ என்று ஒன்று இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான பகுதியை, அங்குள்ள மக்களைக் கலந்தாலோசித்த பிறகு 'பாதுகாப்புக் காப்பகம்' என்று மாநில அரசு அறிவிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. 'மக்களைக் கலந்தாலோசித்த பிறகு' என்ற அந்தச் சொற்களை நினைவில் வையுங்கள். பல பதில்கள் அங்கேதான் திரும்பி வரும்.

"ஆவுளியாவக் காப்பாத்தி எங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

நியாயமான கேள்வி. கடற்பசு என்ற கடல் பாலூட்டி, நம் ஊர்ப் பேச்சில் ஆவுளியா, நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ கடற்புல் தின்னும். கடற்புல் இல்லாத இடத்தில் அது இருக்காது. அப்படியென்றால் ஆவுளியா மேய்கிற இடம் எது என்று பார்த்தால், அது நம் நண்டு வலைக்காரர் வலை போடும் இடம், இறால் குஞ்சு ஒதுங்கும் இடம், ஓராவும் ஊளியும் சின்னதாக இருக்கும்போது ஒளிந்து வளரும் இடம். தாழை, அதாவது கடற்புல், இருந்தால் மீன் இருக்கும் என்று வல்லத்தில் (நாட்டுப்படகில்) போகிற எந்தப் பெரியவரும் சொல்வார். இந்த வடக்குப் பாக் விரிகுடாவில் சுமார் 12,250 எக்டேர் கடற்புல் இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

ஆவுளியா மெதுவாகப் பெருகும் உயிர். பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருடம் ஆகலாம். இந்தியக் கடலில் மொத்தமே சுமார் 240 தான் இருக்கும் என்பது மதிப்பீடு, அதிலும் பெரும்பகுதி நம் கடலில். வருடத்துக்கு நாலைந்து வலையில் சிக்கிச் செத்தாலே அந்த இழப்பை ஈடுகட்டுவது கடினம்.

"அப்ப எங்களக் கடலுக்குப் போக விடமாட்டாங்களா? பாஸ் வாங்கணுமா?"

வேண்டாம். சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் உள்ள நுழைவுக் கட்டுப்பாடு பாதுகாப்புக் காப்பகத்துக்குக் கிடையாது. 36ஏ பிரிவு எந்தெந்த விதிகள் காப்பகத்துக்குப் பொருந்தும் என்று எண் போட்டே சொல்கிறது. நுழைவு அனுமதி பற்றிய 27(1) அந்தப் பட்டியலில் இல்லை. உள்ளே இருந்து எதையும் எடுக்கக் கூடாது என்கிற 29-ம் இல்லை.

பொருந்துபவை இவை: உயிரினத்தைச் சீண்டக் கூடாது, குப்பை போடக் கூடாது, நஞ்சும் வெடியும் பயன்படுத்தக் கூடாது, குற்றம் நடப்பது தெரிந்தால் தடுக்கவும் தகவல் சொல்லவும் வேண்டும், இறந்த விலங்கைக் கண்டால் தெரிவிக்க வேண்டும். நாட்டுப்படகில் போய் வலை போட்டு வருகிறவர் தொழிலை இதில் எதுவும் நிறுத்தாது.

"மன்னார் வளைகுடாவுல தீவுப் பக்கம் போனாலே புடிக்கிறாங்க. இங்கயும் அதானே நடக்கும்?"

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடா 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். தலைமுறை தலைமுறையாகத் தீவைச் சுற்றிப் பாசி எடுத்த பெண்களுக்கு ஒரே நாளில் தங்கள் தொழில் இடம் தடை செய்யப்பட்ட இடமானது. 2001-இல் கடல் அட்டை முழுவதும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு, அதாவது பிடிக்கவே கூடாத உயிர்களின் பட்டியலுக்குப் போனது, அதை முங்கி எடுத்துப் பிழைத்த குளியாட்கள் பலர் பிழைப்பை இழந்தார்கள். 'வனத்துறை' என்றாலே கரையில் முகம் மாறுவது அதனால்தான்.

ஆனால் அங்கேயே இன்னொன்றும் நடந்தது. பாசி எடுக்கும் பெண்கள் தாங்களாகவே கூடிப் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் எடுப்பதில்லை, கையால் மட்டுமே பறிப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கடலைக் காக்க அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை. கேட்காமல் வந்த கோடுதான் பிரச்சினையானது. இங்கே வந்திருப்பது வேறு சட்டப் பிரிவு, முந்தைய பதிலில் சொன்னபடி விதிகளும் வேறு. பெயர் ஒன்று போலக் கேட்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"வலையில ஆவுளியா மாட்டிக்கிச்சுன்னா கேஸ் போட்ருவாங்களா தம்பி?"

காப்பகம் வருவதற்கு முன்பே கடற்பசு முதல் அட்டவணை விலங்கு. கொன்றாலோ கறி விற்றாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. இது புதிதாக வந்ததல்ல.

வேண்டுமென்று பிடிக்காமல் வலையில் தானாகச் சிக்கியதை உயிரோடு விடுவித்தால், அது குற்றம் அல்ல, பாராட்டுக்குரியது. அப்படி விடுவித்த மீனவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. செய்ய வேண்டியது இதுதான்: அது மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டிய உயிர், சில நிமிடங்களுக்கு மேல் நீருக்குள் தாங்காது. அதனால் முதலில் மூக்கு தண்ணீருக்கு மேல் இருக்கும்படி வலையைத் தூக்கிப் பிடியுங்கள், அப்புறம் வலையை அறுங்கள். படகில் ஏற்ற வேண்டாம், வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம். முடிந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறுத்த வலைக்கு யார் பணம் தருவார்கள் என்பது அடுத்த கேள்வி. அதைத் தீர்மானத்தில்தான் எழுதிக் கேட்க வேண்டும், கீழே வருகிறது.

"விசைப்படகு அடிமடி அரிச்சிட்டுப் போவுது, அத வுட்டுட்டு எங்கள வந்து கேக்குறீங்களே?"

கோபம் சரியானதுதான். கடற்புல்லுக்குப் பெரிய சேதம் தரையோடு அரித்து இழுக்கும் மடி வலையால்தான். கைப்பிடி அளவு வேரோடு பெயர்ந்து வந்த தாழையை விசைப்படகின் மடியிலிருந்து கூடை கூடையாகக் கொட்டுவதைப் பார்த்தவர்கள் நாம். புல் இழையாக அறுந்தால் மீண்டும் வளரும். கிழங்கோடு பெயர்ந்தால் அந்த இடம் வெறும் சேறாகிவிடும். அதைத் திரும்ப நட, மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, ஒவ்வொரு தண்டாக முடிந்து, முங்கிப் போய்த் தரையில் பதிக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க நட்டது எவ்வளவு இடம் என்று பார்த்தால் ஒரு வீட்டு முற்றம் அளவுகூட வராது.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 வந்ததிலிருந்து கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி தடை செய்யப்பட்டது. பாக் விரிகுடாவில் வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறையும் நடைமுறையில் இருக்கிறது. குறை எல்லாம் கண்காணிப்பில். காப்பகத்தின் பெயரால் கண்காணிப்பு கூடினால், முதலில் பலன் பெறுவது நாட்டுப்படகுக்காரர்தான். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களும் நம் தெருக்காரர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களுக்கு மாற்றுத் தொழில் கேட்காமல் தடையை மட்டும் கேட்கும் தீர்மானம் ஊரை இரண்டாக்கிவிடும்.

"இதுல ஊராட்சிக்கு என்ன வேல? கடல் என்ன ஊராட்சிக்குச் சொந்தமா?"

சொந்தமில்லை. வருவாய்க் கிராம எல்லை கரையோடு நிற்கிறது. பன்னிரண்டு கடல் மைல் வரை மீன்பிடியை ஒழுங்குபடுத்துவது மாநில அரசு, அதற்கு அப்பால் மத்திய அரசு. மீன்வளம் அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய துறைகளில் ஐந்தாவதாக இருக்கிறது. ஆனால் கடலைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிட்டது.

இருந்தாலும் இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. ஒன்று, வனவிலங்குச் சட்டத்தின் பிரிவு 36பி. காப்பகத்துக்கு ஒரு மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும், காப்பகம் எந்த ஊராட்சிகளின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் ஒரு பிரதிநிதி அதில் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு, பல்லுயிர்ச் சட்டம் 2002. ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். எந்த மாதம் எந்தத் திட்டில் ஆவுளியா தெரிந்தது, எந்த இடத்தில் தாழை இருந்து இப்போது இல்லை என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் ஏறினால், பிறகு யார் வந்து எல்லைக்கோடு போட்டாலும் நம் பெரியவர்கள் சொன்னது ஆவணமாக மேசையில் இருக்கும்.

"காப்பகம் முழுக்கத் தண்ணியில இருக்கு. அப்ப 'எல்லைக்குள்ள இருக்குற ஊராட்சி'ன்னு எதச் சொல்லுவாங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை. மிகக் கூர்மையான கேள்வி. சட்டத்தை எழுதியவர்கள் மனதில் காடும் நிலமும் இருந்திருக்கின்றன, அதனால் இந்த இடைவெளி. எழுத்துக்கு எழுத்து வாசித்தால் ஒரு ஊராட்சிக்கும் இடமில்லை என்றுகூட ஒருவர் வாதாடலாம்.

என் கருத்து, காப்பகத்துக்கு எதிரே கரை உள்ள ஒவ்வொரு ஊராட்சியையும் குழுவில் உறுப்பினராக்க வேண்டும் என்று கிராம சபைத் தீர்மானத்தில் வெளிப்படையாகக் கேட்பதுதான் வழி. பிரிவு 36பி-இன் நோக்கம் உள்ளூர்க் குரல் உள்ளே இருக்க வேண்டும் என்பது. அதைக் கடலுக்கும் பொருத்திப் படிக்கச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். கேட்காத இடம் காலியாகவே இருக்கும்.

"எங்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து இருக்கு, அதுல பேசி முடிச்சா போதாதா? ஊராட்சி எதுக்கு?"

இரண்டும் வேண்டும். எந்த வலை எந்த நாளில், சண்டை வந்தால் எப்படித் தீர்ப்பது என்பதையெல்லாம் இன்றும் முடிவு செய்வது ஊர்ப் பஞ்சாயத்துதான். அங்கே பேசாமல் கிராம சபையில் நேராகத் தீர்மானம் வைத்தால் மறுநாள் கரையில் யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தின் முடிவைச் சட்டம் அடையாளம் காணாது. கிராம சபைத் தீர்மானத்துக்கு எண் உண்டு, தேதி உண்டு, நகல் கேட்டு வாங்கலாம்.

இன்னொன்று, ஊர்ப் பஞ்சாயத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் உட்காருகிறார்கள். கரையில் மீன் வாங்கி விற்கும் பெண்களும் நண்டு பிரிக்கும் பெண்களும் பேச இடம் கிடைப்பது கிராம சபையில்தான். முதலில் ஊரில் பேசுங்கள், அப்புறம் அதையே கிராம சபையில் பதியுங்கள்.

"சரி, தீர்மானத்துல என்ன எழுதணும்?"

'காப்பகத்தை ஆதரிக்கிறோம்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவதை நான் ஒப்ப மாட்டேன். நிபந்தனையோடு ஆதரிக்க வேண்டும். நாட்டுப்படகுத் தொழில், தூண்டில், நண்டு வலை, கையால் பாசி எடுப்பது இவற்றுக்குத் தடை வராது என்பதை மேலாண்மைத் திட்டத்தில் எழுத வேண்டும். ஆவுளியாவை விடுவிக்க அறுத்த வலைக்கு இழப்பீடு இத்தனை நாளுக்குள் என்று குறிப்பிட வேண்டும். மூன்று கடல் மைல் விதியை மீறும் படகுகள் மீது எடுத்த நடவடிக்கையை மாதாமாதம் ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். குழுவில் ஊராட்சிக்கு இடம், அதில் ஒருவராவது பெண். எல்லையை மாற்றுவதாக இருந்தால் மீண்டும் கிராம சபைக்கு வர வேண்டும்.

வேலைவாய்ப்பையும் எழுதுங்கள். தஞ்சாவூர்க் கரையில் உள்ள மனோராவில் 40.94 கோடி ரூபாயில் பன்னாட்டுக் கடற்பசுப் பாதுகாப்பு மையம் அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. அங்கே கண்காணிப்பு, படகு, வழிகாட்டி வேலைகளில் கரையோர ஊர்ப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது, கட்டடம் எழும்பிய பிறகு கேட்டால் தாமதமாகிவிடும்.

"இப்பத் தலைவரே இல்லையே, தனி அலுவலர்தான இருக்காரு. யாரு தீர்மானம் போடுறது?"

2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது, தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் அந்த 27-இல் அடங்கும். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத ஊராட்சியில் வாக்காளர் குரல் தேய்ந்துபோகிறது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

ஆனால் கிராம சபை என்பது தலைவர் அல்ல. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை. தலைவர் இல்லாததால் அது இல்லாமல் போகாது. வருகைக் கணக்கு முக்கியம்: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கடலுக்குப் போகிற நாளில் கூட்டம் வைத்தால் ஆண்கள் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள், அதையும் கணக்குப் போட்டு ஆள் சேருங்கள்.

ஒரு அனுபவம். ஒரு ஊரில் நாங்கள் எல்லோரும் கை தூக்கி ஒப்புக்கொண்ட தீர்மானம், பிறகு நகல் கேட்டபோது பதிவேட்டில் 'கடல் வளம் குறித்து விவாதிக்கப்பட்டது' என்ற ஒரே வரியாக இருந்தது. அன்றிலிருந்து, தீர்மானத்தை நாமே எழுதி எடுத்துக்கொண்டு போய், கூட்டத்தில் சத்தமாக வாசித்து, பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவது என்று வைத்துக்கொண்டோம்.

"போட்ட தீர்மானத்த அவங்க கேக்கணும்னு கட்டாயம் இருக்கா?"

கட்டாயம் இல்லை. வனத்துறையை அது கட்டுப்படுத்தாது. ஆனால் முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்: அறிவிப்புக்கு முன் மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது சட்டம். கலந்தாலோசித்ததற்கு என்ன சான்று என்று எந்த அதிகாரியோ நீதிமன்றமோ கேட்டால், கிராம சபைத் தீர்மானத்தை விட உறுதியான தாள் கிடையாது. ஆதரவுக்கும் அதுதான் சான்று, எதிர்ப்புக்கும் அதுதான் சான்று.

"இருக்குறதே போதாதா? எதுக்கு இன்னும் விரிவாக்கணும்?"

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தெற்கே தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா. வடக்கே நம் காப்பகம். இடையில் தொண்டி, தேவிபட்டினம், மண்டபத்தின் வடகடல் என்று ராமநாதபுரம் மாவட்டத்தின் பாக் விரிகுடாக் கரை இரண்டிலும் சேரவில்லை. அங்கேயும் கடற்புல் உண்டு, அங்கேயும் ஆவுளியா மேயும். அம்மாபட்டினத்துக்குத் தெற்கே போன ஆவுளியாவுக்குக் கோடு தாண்டியது தெரியாது.

2025 அக்டோபரில் அபுதாபியில் நடந்த உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாட்டில் நம் காப்பகத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பெருமை கையில் இருக்கும்போதே அடுத்த கரையின் ஊராட்சிகளும் தங்கள் நிபந்தனைகளை எழுதித் தாங்களே முன்வந்து கேட்டால், விரிவாக்கத்தின் வடிவத்தை அவர்களே தீர்மானிக்கலாம். மேலிருந்து வரும்வரை காத்திருந்தால் மன்னார் வளைகுடாவில் நடந்த முறையிலேயே வரக்கூடும்.

"இன்னிக்குக் காப்பகம்பாங்க, நாளைக்குத் தேசியப் பூங்கா ஆக்கிட்டா?"

தானாக ஆகாது. அதற்குத் தனி நடைமுறை உண்டு. கடல் எல்லையைச் சரணாலயமாக அறிவிக்க வேண்டுமானால் மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும், மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்று பிரிவு 26ஏ சொல்கிறது. ஆனால் 'ஒருநாளும் நடக்காது' என்று நான் உறுதி கொடுத்தால் அது பொய். சட்டத்தில் வழி இருக்கிறது. அதனால்தான் 'எல்லையும் தகுதியும் மாறுவதாக இருந்தால் மீண்டும் கிராம சபைக்கு வர வேண்டும்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

"வேற எங்கயாச்சும் ஊராட்சி முன்னாடி நின்னு கடலக் காப்பாத்துனாங்களா?"

பிலிப்பைன்சில் அப்போ என்று ஒரு சின்னத் தீவு. 1980-களின் தொடக்கத்தில் அங்குள்ள மீனவர்கள், பக்கத்துப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் துணையோடு, தங்கள் பவளப்பாறையில் ஒரு துண்டை 'இங்கே யாரும் பிடிப்பதில்லை' என்று ஒதுக்கினார்கள். உள்ளூர் நகராட்சி அதைச் சட்டமாக்கியது. காவலும் ஊர்க்காரர்களே. வருடங்கள் போகப் போக ஒதுக்கிய இடத்தில் பெரிய மீன் பெருகியது. 1991-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் அந்த நாட்டில் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் கடலை நகராட்சி அதிகாரத்தில் வைத்தது. நம் ஊராட்சிகளுக்கு அப்படி ஒரு அதிகாரம் இல்லை.

அந்தக் கதையின் அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும். 1994-இல் அப்போ தீவு தேசிய அரசின் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. முடிவெடுப்பது மேலே போனது, சுற்றுலாக் கட்டணத்தில் ஊருக்கு வர வேண்டிய பணம் வந்து சேரத் தாமதமானது, ஊர்க்காரர்களுக்கு மனக்கசப்பு வந்தது. கடலைக் காத்தவர்களே ஓரமாக நிற்க வேண்டியதாயிற்று.

"கடல்ல ஒண்ணும் பண்ண முடியாதுன்னா, கரையில ஊராட்சி என்ன பண்ணலாம்?"

இதில்தான் ஊராட்சிக்கு யாரையும் கேட்காமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முகத்துவாரத்தில் கொட்டும் குப்பையை நிறுத்துவது ஊராட்சி வேலை. இறால் பண்ணைக் கழிவுநீர் வாய்க்கால் வழியாகக் கடற்புல் மேல் போய்ச் சேர்ந்தால், அதைப் படத்தோடு ஆட்சியருக்கு எழுதலாம். கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பில் கடற்புல் படுகை மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ள வகையில் இருக்கிறது. பழைய நைலான் வலையைக் கரையிலேயே வாங்கிச் சேர்க்க ஒரு கொட்டகை போட்டால் போதும், அறுந்த வலை கடலில் மிதந்து ஆவுளியாவையும் ஆமையையும் மூச்சு முட்டவைப்பது குறையும்.

"ஆவுளியா செத்து ஒதுங்குனா யாருகிட்டச் சொல்றது? நாறுதுன்னு ஊர்ல பொதைச்சிருவாங்களே?"

புதைத்துவிடாதீர்கள். மூன்றாவது பதிலில் சொன்ன கடமைகளில் இதுவும் ஒன்று: வனத்துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் வரும்வரை உடலைப் பாதுகாக்க வேண்டும். படகு மோதியதா, வலைத் தழும்பு இருக்கிறதா, வயிற்றில் புல் இருந்ததா, பிளாஸ்டிக் இருந்ததா என்பதெல்லாம் அந்த உடலில்தான் எழுதியிருக்கும். நாய்கள் இழுக்காமல் ஒரு தார்ப்பாயோ தென்னங்கீற்றோ போட்டு மூடி, ஒருவரைக் காவலுக்கு வையுங்கள். ஊராட்சியிலிருந்து மண் வெட்டும் இயந்திரத்தையும் இரண்டு ஆட்களையும் தயாராக வைத்தால் கால்நடை மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்த உடனே ஆழமாகக் குழி எடுத்துவிடலாம். நேரத்தையும் இடத்தையும் பல்லுயிர்ப் பதிவேட்டில் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.